மதுரையில் ஐந்து நாள்: முசுறு கடித்த பள்ளிக்கூடம்

பிப்ரவரி 5, 2025, புதன்

மகளின் வகுப்பாசிரியைக்கு எழுதிய லீவு கடிதத்தில் ‘குடும்ப விசேஷம்’ என்று போட்டிருந்தேன். வேறு பள்ளிக்கூடம் பார்க்கப் போகிறோம் என்று, இருக்கிற பள்ளிக்கூடத்திடம் எப்படிச் சொல்வது? மூன்று நாள் லீவு, அப்புறம் சனி ஞாயிறு.

விஷயம் இதுதான். டிசம்பரில் அவளுக்குப் பூவின் பாகங்கள் பற்றி ஒரு டெஸ்ட். ஐந்தாம் வகுப்பு. இருபதுக்குப் பதினெட்டு வாங்கியிருந்தாள். அன்று சாயங்காலம் பால்கனித் தொட்டியில் பூத்திருந்த செம்பருத்தியைக் காட்டி, மகரந்தத்தாள் எது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இது வேற மாதிரி இருக்குப்பா, புக்ல இருக்கிற பூ இல்ல” என்றாள். என் மனைவிக்குச் சொந்த ஊர் மதுரை. ஊருக்கே போய்விடலாம் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு அந்தச் செம்பருத்தி போதுமானதாக இருந்தது. அழகர்மலை அடிவாரத்தில் ஒரு சின்னப் பள்ளி, ஒன்றிலிருந்து எட்டு வரை மொத்தமே நாற்பத்திரண்டு பிள்ளைகள், தோப்புக்குள்தான் பாடம் என்று யாரோ சொல்ல, போன் போட்டு நாளும் குறித்துவிட்டாள். கடைசி நேரத்தில் அவளுக்கு ஆபீசில் ஆடிட். நானும் மகளும் மட்டும் வந்து இறங்கியிருக்கிறோம்.

செல்லூரில் மாமியார் வீடு. “வாங்க மாப்ள” என்று சொல்லி முடிப்பதற்குள் தெருமுனைக் கடையிலிருந்து தூக்குவாளியில் இட்லி வந்துவிட்டது. இட்லி ஒன்று ஆறு ரூபாய். சட்னி மூன்று தினுசு, சாம்பார் தனி. சென்னையில் எங்கள் பக்கம் இந்தக் காசுக்குச் சட்னிக் கிண்ணத்தைக்கூடக் கழுவித் தர மாட்டார்கள்.

சாயங்காலம் பருத்திப்பால் குடித்துக்கொண்டே மாமியாரிடம் வந்த காரணத்தைச் சொன்னேன். டம்ளர் இருபது ரூபாய், சுக்கு தொண்டையைப் பிடித்தது. அவர் சிரிக்கவில்லை.

“மரத்தடியில உக்கார வெச்சுச் சொல்லிக்குடுக்க பீஸ் வேற வாங்குறாய்ங்களா?”

அவருக்கு எழுபத்து நான்கு வயது. நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆதாரப் பள்ளியில் படித்தவர் என்பதே இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். 1937இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த கல்வித் திட்டம் அது. கைத்தொழிலைத் தனிப் பாடமாக வைக்காமல், அதன் வழியாகவே கணக்கையும் மொழியையும் சொல்லித் தருவது. நான் இதையெல்லாம் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “தக்ளியில, கையால சுத்துற கதிர்ல, நூல் நூத்தோம். நூல் சிட்டம் கொறஞ்சா வாத்தியார் கையை நீட்டச் சொல்வாரு. பள்ளிக்கூடத்துத் தோட்டத்துல காய்ச்ச கத்திரிக்காயக் கொண்டுபோயி அவரு வீட்டுல குடுக்கணும். அதுவும் பாடந்தான்” என்றார்.

அதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

அழகர்கோவில் போகும் டவுன் பஸ். மகளிர் இலவசப் பயணச் சீட்டை மகளிடம் நீட்டிய கண்டக்டர் என்னிடம் மட்டும் காசு வாங்கினார். அந்தச் சீட்டை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு வழி நெடுக என்னைக் கேலி செய்தாள்.

ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டோம். தப்பு என்னுடையதுதான். இரண்டு கிலோமீட்டர் நடை, மலை பாதிக்கு மேல் பனியில் மறைந்திருக்கிறது, தோளில் லேப்டாப் பை. பால் கேன் கட்டிய வண்டியில் வந்தவர் நிறுத்தி, ஆளுக்கு இடமில்லை, பையைக் கொடுங்கள், அங்கே வைத்துவிட்டுப் போகிறேன் என்றார். யோசிப்பதற்குள் கை கொடுத்துவிட்டது. மீதி வழி முழுக்க வயிற்றைக் கலக்கிக்கொண்டுதான் நடந்தேன். பை, பள்ளி வாசலில் ஒரு மாங்கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பள்ளியை நடத்துகிறவர்கள் கணவனும் மனைவியும். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது, பிள்ளைகளுக்கு இன்னும் அக்கா, அண்ணாதான். எழுதினால் பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை மரம் பார்க்கும் நாளாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வருடத்துக்கு ஒரு மரம். வாரத்தில் ஒரே கிழமை, அதே மரம். துளிர் உண்டா, முற்றிய இலை எவ்வளவு, மொட்டு, பூ, காய், எறும்பு, கூடு என்று வரைந்து குறிக்க வேண்டும். சீசன் வாட்ச் என்று நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து மரங்களைக் கணக்கெடுக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது, அதே முறைதான். போன வருட நோட்டை ஒரு பையன் காட்டினான். புங்க மரம். பிப்ரவரி கடைசியில் ‘மொட்டை’ என்று ஒரே வார்த்தை. அடுத்த வாரம் பக்கம் முழுக்கப் பச்சை கிரேயான்.

மகளை ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியோடு மாமரத்தடியில் உட்கார வைத்தார்கள். மரம் நிறையப் பூ. யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. பதினைந்து நிமிடத்தில் என்னிடம் வந்து போனைக் கேட்டாள். அக்காவைப் பார்த்தேன். அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போய் அலுப்போடு தாழ்ந்த கிளையில் கையை ஊன்றினாள். அடுத்த நொடி அலறல்.

முசுறு. எங்கள் பக்கம் வெறும் செவ்வெறும்பு என்போம். நான் ஓடினேன். அக்கா நடந்துதான் வந்தார். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் எங்கிருந்தோ சுண்ணாம்பு கொண்டுவந்து தடவினான். பிறகு, அவள் அழுகையைக் கொஞ்சமும் மதிக்காமல், மேலே கையைக் காட்டினான். ஏழெட்டு மாவிலைகளைச் சேர்த்துத் தைத்த பந்து.

“அதுதான் வீடு. பெரிய எறும்பு இலையப் புடிச்சு இழுக்கும். இன்னொன்னு குட்டிப் புழுவ வாயில கவ்விட்டு வரும். புழு வாயில இருந்து நூல் வரும், அதை வெச்சு ஒட்டும்.”

“பாப்பாவ வெச்சா தைக்குது?”

“ஆமா. பெருசுகளுக்கு நூல் வராது.”

அழுகை நின்றுவிட்டது. கை வீங்கித்தான் இருந்தது.

கணக்கு வகுப்பில் ஓலைத் துண்டில் பத்துப் பத்தாக ஒட்டிய புளியங்கொட்டைகள். பத்து ஓலை சேர்ந்தால் ஒரு கட்டு, நூறு. மாண்டிசோரி வகுப்புகளில் கண்ணாடி மணிகளை வைத்துச் செய்வதைத்தான் அக்கா கொட்டையில் செய்திருக்கிறார். அவர் மாண்டிசோரி பயிற்சி எடுத்தவர். அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் கொடைக்கானலில் இருந்த கதையைத் தோசைக்கல்லைப் போல் சூடாகச் சொன்னார். 1939இல் மகன் மாரியோவோடு அடையாறுக்குப் பயிற்சி வகுப்பு நடத்த வந்தவர், உலகப் போரில் மாட்டிக்கொண்டார். இத்தாலி போரில் இறங்கியதும் இத்தாலியர் என்பதால் மகனைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள், அம்மாவின் எழுபதாவது பிறந்த நாளுக்கு விட்டார்கள். பிறகு கொடைக்கானலில் சில காலம். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு முதலில் பிரபஞ்சம் முழுவதையும் கதையாகச் சொல்லி, அதிலிருந்து நட்சத்திரம், கல், செடி, மனிதன், எண் என்று இறங்கி வர வேண்டும் என்கிற அவருடைய திட்டம் அந்த மலையில்தான் உருவெடுத்தது. “பாருங்க, நம்ம மலை. நம்ம ஆளுகளுக்கு அங்க போனா போட்டிங்கும் சாக்லெட்டும்தான்” என்றார் அக்கா. போன வருடம் நாங்கள் அங்கே போய்ச் செய்ததும் அதுதான் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

மத்தியானம் கீரைத்தண்டுச் சாம்பார், அவரைப் பொரியல், மோர். பிள்ளைகளே பரிமாறி, சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவினார்கள். மகள் தட்டுக் கழுவுவதைப் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். ‘பொய்’ என்று பதில் வந்தது.

இரண்டு மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டது. சில பிள்ளைகள் பாயில் படித்தார்கள், சிலர் தூங்கினார்கள், இருவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மகள் என் காதில், “எப்பப்பா கிளாஸ் ஆரம்பிப்பாங்க?” என்றாள்.

அண்ணாவிடம் காசு விஷயம் பேசினேன். வருடத்துக்கு நாற்பதாயிரம், சாப்பாடு சேர்த்து. இப்போது கட்டுவதில் பாதிகூட இல்லை. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டேன். ஏழு பேர், அவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. மீதி முப்பத்தைந்தும் மதுரையிலிருந்து வேனில் வருகிறார்கள். மரத்தைப் பார்க்கத் தினமும் ஒன்றரை மணி நேரம் டீசல். எட்டாவதுக்கு அப்புறம்? சிலர் என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவது எழுதுகிறார்கள். சிலர் வேறு பள்ளியில் ஒன்பதாவது சேர்கிறார்கள். சேர்ந்தவர்கள் முதல் அரையாண்டில் தடுமாறுகிறார்கள், பாடம் தெரியாமல் இல்லை, இரண்டரை மணி நேரத்தில் எழுதி முடிக்கத் தெரியாமல். மறைக்காமல் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அங்கேதான்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று கண்மாய்.

நான் ‘ஏரி’ என்றேன். மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் திருத்தினார்கள். தண்ணீர் வருவது வரத்துக் கால், வயலுக்குத் திறப்பது மடை, நிரம்பி வழிவது கலுங்கு, வழிந்த தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகிற ஓடை மறுகால். ஒரு கண்மாயின் மறுகால் கீழே இருக்கிற கண்மாய்க்கு வரத்து. மேலூர்ப் பக்கம் இப்படிச் சங்கிலியாகத்தான் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை பெய்து போய் இரண்டு மாதம் ஆகியும் முக்கால் தண்ணீர் நின்றது. பறவைகளில் நாமக்கோழியும் முக்குளிப்பானும் எனக்கே தெரிந்தன, அந்தப் பெருமையில் இரண்டு முறை சொன்னேன். ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும் கண்மாய்க்கு வருவார்களாம். அவர்களோடு ஓர் அறிவியல் ஆசிரியர், மடித்துக் கட்டிய வேட்டி, கையில் அளவு நாடா, அரைத் தேங்காய்ச் சிரட்டை. மடைக்குக் கீழே நேராக ஓடும் வாய்க்காலில் பத்து மீட்டர் அளந்து இரண்டு குச்சி நட்டார். சிரட்டையை மேல் குச்சியில் விட்டு, கீழ்க் குச்சியைத் தொடும்வரை எண்ண வேண்டும். மூன்று தடவை விட்டுச் சராசரி எடுத்தார்கள், 38 விநாடி. வாய்க்கால் அகலம் 60 செ.மீ., ஆழம் 20.

நான் போனை எடுத்துக் கணக்குப் போட்டு, விநாடிக்கு 31 லிட்டருக்கு மேல் என்றேன். இன்ஜினியர் அல்லவா.

“சார், அது மேல் தண்ணி” என்றது ஒரு பெண். ஏழாம் வகுப்பு. “அடியில மண்ணு இழுக்கும், பைய ஓடும். 0.85ஆல பெருக்கணும்.”

அப்படியென்றால் 27 லிட்டர். நொடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு குடம். வாத்தியார் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை. ஒரு குழி நிலம் நனைய எவ்வளவு நேரம், தண்ணீர் பாய்ச்சுகிறவர் ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்து மடை மாற்ற வேண்டும் என்று கணக்கு அப்படியே வயலுக்குள் இறங்கியது. அந்தப் பெண்ணின் அப்பா அந்த வேலைதான் செய்கிறாராம். விடை வந்ததும், “எங்கப்பா ரெண்டரைக்கு எந்திரிப்பாரு, சரியாத்தான் இருக்கு” என்றாள்.

பள்ளி விட்டதும் ஆடு மேய்ப்பதும் அவள் வேலை. கரையில் நடந்துகொண்டே செடிகளைக் காட்டினாள். ஆடுதின்னாப்பாளை. ஆடு மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும், அதனால் அந்தப் பேர். ஆடாதொடையும் அதே சங்கதி, ஆடு தொடாத இலை. என் மகள் ஆடுதின்னாப்பாளை இலையைத் திருப்பிப் பார்த்தாள், கீழே முள் முள்ளாக ஒரு கறுத்த புழு. ஆடே தின்னாததை இது எப்படித் தின்கிறது என்று கேட்டாள். அந்த நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்வதால் இதைக் குருவி தின்னாது, இதுதான் கறுப்பு இறக்கையும் சிவப்பு உடம்புமாகப் பெரிய பட்டாம்பூச்சியாகும் என்று தோப்புப் பள்ளிப் பையன் ஒருவன் சொன்னான். ஆட்டுக்காரிக்கு அது தெரியாது. அவனுக்கு ஆடு தின்னாது என்பது தெரியாது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

வாத்தியாரோடு ஒன்றியப் பள்ளிக்குப் போய் டீ குடித்தேன். ஓட்டுக் கட்டடம், வேப்பமரம், சுவரில் காலை உணவுத் திட்டப் பட்டியல். 2022 செப்டம்பரில் மதுரையில்தான் அதைத் தொடங்கினார்கள். கண்மாய் பாடம் பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். “பரப்பளவு இருக்கு, கன அளவு இருக்கு, நீர்ச் சுழற்சி இருக்கு. கண்மாய் மட்டும்தான் இல்ல” என்றார். வாரத்தில் ஒரு மணி நேரம்தான் முடிகிறதாம். மீதி நேரம் பதிவேடும் போன் ஆப்பும் தின்றுவிடுகின்றன. ஆப் என்று சொல்லும்போது போனைக் கவிழ்த்து வைத்தார்.

இங்கே கட்டணம் இல்லை. தோப்பும் இல்லை, கண்மாய் இருக்கிறது. ராத்திரி போனில் மனைவியிடம், “ரெண்டு பள்ளிக்கூடம் பார்த்தேன்” என்றேன். “ஒண்ணுதானே பார்க்கச் சொன்னேன்” என்றாள்.

பிப்ரவரி 8, சனி

தோப்புப் பள்ளியின் வேனில் அரிட்டாபட்டி. நான்காம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள், நாங்கள் இருவர், பெரிய தூக்கில் புளிச்சோறு.

தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் இது. 2022 நவம்பரில் அறிவித்தார்கள். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து 193.42 ஹெக்டேர், ஏழு குன்றுகள். இருநூறு ஊற்றுகள், எழுபத்திரண்டு நீர்நிலைகள், ஏறக்குறைய 250 வகைப் பறவைகள் என்று அரசுக் கணக்கு. இதைச் சுற்றித்தான் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டு, ஊரே திரண்டு எதிர்த்து, போன மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சுவர்களில் எழுத்து இன்னும் அழியவில்லை. டங்ஸ்டன் எதற்கு என்று மகள் கேட்டாள். குண்டு பல்பின் இழைக்கு என்று சொல்லி நிறுத்தப் பார்த்தேன். இரும்பை அறுக்கிற கருவிக்கும் என்று அண்ணா சேர்த்துச் சொல்லிவிட்டு, “அப்ப அது வேண்டாமா?” என்று பிள்ளைகளையே கேட்டார். வேன் முழுக்கச் சத்தம். வேண்டும், ஆனால் இங்கே வேண்டாம் என்றான் ஒருவன். அப்ப எங்கே என்றாள் இன்னொருத்தி. அண்ணா பதில் சொல்லவில்லை. அவருக்கு அது ஒரு கெட்ட பழக்கம், எதற்குமே பதில் சொல்வதில்லை.

மலையைக் குடைந்த சிவன் கோயில், பாண்டியர் காலம். வாசலின் ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் சிவனின் அவதாரமாகக் கருதப்படும் லகுலீசர். தமிழ்நாட்டில் லகுலீசர் சிற்பம் அபூர்வம். அங்கிருந்து கழிஞ்சமலைக் குகைத்தளம். சமண முனிவர்கள் தங்கிய இடம், மேலே தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டு, இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தையது. பிள்ளைகள் கையில் எழுத்து அட்டவணை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கழுத்தை ஒடித்து அண்ணாந்தபடி ஓர் எழுத்தை அட்டவணையோடு ஒப்பிட்டு, “சார், இது ‘க’, கூட்டல் குறி மாதிரி இருக்குல்ல” என்றான். அப்புறம் எல்லோரும் மணலில் தங்கள் பேரைத் தமிழியில் எழுதினார்கள். மகள் எழுதிய பேரில் ஒரு பிழை, யாரும் திருத்தவில்லை, பத்து நிமிடத்தில் அவளே அழித்து எழுதினாள்.

லகர் வல்லூறு பார்க்கலாம் என்று ஆசை காட்டியிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் பாறையில் உட்கார்ந்திருந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. வல்லூறு வரவில்லை. சென்னையில் இப்படி ஒன்று நடந்திருந்தால் பெற்றோர் குழுவில் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்போம். பிள்ளைகள் நோட்டில் ‘வரவில்லை’ என்று தேதியோடு எழுதிக்கொண்டார்கள்.

திரும்பும்போது மேலூர் தாண்டி டயர் பஞ்சர். ஸ்டெப்னியை எடுத்தால் அதிலும் காற்றில்லை. டிரைவர் அதைத் தலையில் வைக்காத குறையாகத் தூக்கிக்கொண்டு யாரோ ஒருவர் வண்டியில் ஏறிப் போனார். வரும் செவ்வாய் தைப்பூசம். நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்கள் பச்சை வேட்டியில் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகப் பந்தல் போட்டிருந்தவர்கள் எங்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து நீர்மோரும் அவித்த பனங்கிழங்கும் கொடுத்தார்கள். காசு கொடுக்க முயன்றேன். “நீங்க நடக்கலேன்னாலும் பரவாயில்ல, சாப்பிடுங்க” என்றார் ஒரு பெரியவர். காலெல்லாம் கொப்புளத்தோடு ஒரு பாட்டி, என் மகளுக்குப் பனங்கிழங்கின் நார் உரிக்கச் சொல்லிக் கொடுத்தார். ஒன்றே முக்கால் மணி நேரம். அலுத்துக்கொண்டது நான் ஒருவன்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ராத்திரி ரயில். மத்தியானம் கறிதோசை, மாமியாருக்கும் சேர்த்து மூன்று. அவர் தோசையைப் பாதியாக்கிப் பேத்தி தட்டில் தள்ளிவிட்டு, “என்ன முடிவு பண்ணுனீக?” என்றார்.

தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை. தோப்பு எனக்குப் பிடித்திருந்தது, எனக்கு. பத்து வயதில் அப்படி ஒரு மாமரத்தடியில் என்னை உட்கார வைத்திருந்தால் என்கிற ஏக்கம் அது, அவளுடையது அல்ல. அவளைக் கேட்டதற்கு, “வியாழக்கிழமை மத்தியானம் ரொம்ப போர். மத்ததெல்லாம் ஓகே. ஆட்டுக்கார அக்கா எந்த ஸ்கூல்?” என்றாள். ஒன்றியப் பள்ளி என்றேன். “அங்க சேரலாமா?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. அண்ணாவின் பழக்கம் தொற்றிக்கொண்டது.

“அம்மாச்சி, உனக்கு நூல் நூற்கத் தெரியும்னு அப்பா சொன்னாங்க” என்று அவள் ஆரம்பித்தாள். பரணில் தேடித் தக்ளி கிடைக்கவில்லை. ஒரு தென்னங்குச்சியில் கொட்டாங்கச்சித் துண்டைக் குத்தி, தலையணையிலிருந்து கொஞ்சம் பஞ்சைப் பிய்த்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மாமியார் சுழற்றினார். மூன்று முறை அறுந்தது. நாலாவது முறை ஒரு முழ நூல் வந்தது. அறுபது வருடம் கழித்து. சத்தமில்லாமல் அதைச் சுற்றி, பேத்தியின் வீங்கிய கையில் கட்டிவிட்டார்.

பிப்ரவரி 10, திங்கள், சென்னை

ஒரு சின்னப் பின்குறிப்பு. காலையில் பள்ளியிலிருந்து போன். வகுப்பாசிரியை குடும்ப விசேஷம் நன்றாக நடந்ததா என்று மகளிடம் கேட்டிருக்கிறார். என்ன விசேஷம் என்றும் கேட்டிருக்கிறார்.

“முசுறு கடிச்சுது மிஸ்” என்று கையைக் காட்டியிருக்கிறாள்.